பாய்மரப் படகில் குடித்தனம்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகுதான் நான் என் வீட்டுக்காரரோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தேன். அதுவும் தென்காசியில் இல்லை. மலேசியாவில், லங்காவித் தீவுக்குப் பக்கத்தில், ஒரு பாய்மரப் படகில்.

அவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். வருஷத்தில் மூன்று நான்கு மாதம் லீவு, மிச்சமெல்லாம் கடல். லீவில் வருகிற மனுஷனிடம் யார் கோபத்தைக் காட்டுவார்கள்? வந்த அன்று சொதி வைப்பேன். போகிறபோது கைமுறுக்கு கட்டிக் கொடுப்பேன். நடுவில் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்து, ஒரு கல்யாணம், ஒரு சடங்கு. ஒழுங்காக ஒரு சண்டை போடலாமென்று நான் நினைக்கும்போது கப்பலிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் வளர்த்து ஆளாக்கி வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினேன்.

பிறகு அவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் தாண்டவில்லை, எங்களுக்கு ஆகவில்லை. நான் கேஸ் அடுப்பை மூடுகிற விதம் சரியில்லையாம். மோட்டாரை அதிக நேரம் ஓடவிடுகிறேனாம். அடுக்களையில் டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்துவிட்டு, பாராட்டுக்காக நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனையையும் பழையபடி மாற்றி வைத்தேன். என் அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவரு கூட இருந்தே உனக்குப் பழக்கம் இல்லையேட்டி. பொறவு எப்படி ஒத்துப் போகும்?"

அது உண்மை. அந்த உண்மை எனக்குப் பயமாகவும் இருந்தது. பிள்ளைகளும் போயாச்சு. இனி இருக்கிற காலத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். இந்த ஆளோடு என்னால் இருக்க முடியுமா, முடியாதா?

அப்போதுதான் அவர் படகுப் பேச்சை எடுத்தார். லங்காவியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வயதாகிவிட்டதென்று விட்டுப்போன பழைய பாய்மரப் படகு. எங்கள் வீட்டு அடுக்களையும் சாப்பிடுகிற அறையும் சேர்ந்த நீளம், அவ்வளவுதான். அதற்குள் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. "கப்பல்ல இருந்தது போதாதா?" என்று கேட்டேன்.

"கப்பல்ல நான் எஞ்சினுக்குப் பக்கத்துல கெடந்தேன். தீவெல்லாம் தூரத்துல ஒரு புள்ளியாத் தெரியும். இத்தன வருசத்துல ஒண்ணுலயும் எறங்கினது இல்ல" என்றார். பிறகு மெதுவாக, "நீயும் வா" என்றார்.

நான் கணக்காகச் சொன்னேன். "குத்தாலத்துல சாரல் தொடங்குத வரைக்கும் வாரேன். ஒத்து வந்தாப் பாப்போம். ஒத்து வரலேன்னா நான் தென்காசியில இருந்துக்கிடுதேன், நீங்க உங்க படகுல இருந்துக்கிடுங்க. ஒருத்தர ஒருத்தர் கொறை சொல்லக் கூடாது."

"சரி" என்றார். படகை விலை பேசி வாங்கினார். ஐப்பசியில் கிளம்பினோம்.

படகில் வாழ்வது எப்படி இருக்குமென்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். போட்டோவில் பார்ப்பது போல் நீலத் தண்ணீர், வெள்ளை மணல், தென்னை எல்லாம் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நீலத் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து நான் செய்தது ஊரில் செய்த அதே வேலைதான். விடிந்ததும் டீ. பிறகு சமையல், பாத்திரம், துணி. அவர் போனில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று பார்ப்பார். நல்ல காற்று இருந்தால் நங்கூரத்தைத் தூக்கிப் பாயை விரித்து அடுத்த தீவுக்குப் போவோம். இல்லையென்றால் அங்கேயே கிடந்து ஏதாவது ரிப்பேர் பார்ப்போம். படகில் தினம் ஏதாவது ஒன்று உடையும். மலேசியாவில் தங்குகிற அனுமதி முடியப்போகிறதென்றால் தாய்லாந்துத் தீவுகள் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வருவோம்.

இட்லி மாவு அந்தச் சூட்டில் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும். பக்கத்தில் ஒரு மோட்டார் படகு அலை கிளப்பிக்கொண்டு போனால் பாதி மாவு தரையில். படகு சாய்ந்து ஓடும்போது இட்லி ஊற்றினால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தோசையாக வரும். லங்காவியில் ஒரு தமிழ்க்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார், அதனால் உளுந்துக்கும் புளிக்கும் பஞ்சமில்லை. கரையில் குரங்குத் தொல்லை உண்டு. மற்ற படகுக்காரர்கள் பழப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்ப் பறிகொடுத்துவிட்டு அலறுவார்கள். குற்றாலத்துக் குரங்கோடு வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? பையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் நடந்து வந்துவிடுவேன்.

எங்கள் சண்டையெல்லாம் தண்ணீரில்தான் வந்தது. இருக்கைக்குக் கீழே ஒரு தொட்டி, அதில் இருப்பதுதான் குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும். அது தீர்ந்தால் கரைக்குப் போய்க் கேனில் பிடித்து, ரப்பர் தோணியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். கடலில் முங்கிக் குளித்துவிட்டு, உப்புப் போக ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீர். அரிசியைக் கடல் தண்ணீரில் களைந்து கடைசியில் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசவேண்டும். நானோ சீசன் வந்தால் தலை மரத்துப்போகிற வரைக்கும் அருவியில் நிற்கிற ஊர்க்காரி. ஒரு செம்புத் தண்ணீரை உடம்பில் எங்கே ஊற்றுவது? கை இன்னொரு செம்புக்குப் போகும். உடனே மேலேயிருந்து குரல் வரும்.

"ஏட்டி, குத்தாலத்துல நிக்கோம்னு நெனப்பா?"

"நான் உங்க கப்பல்ல வேல பாக்குத ஆளு இல்ல. பொண்டாட்டி" என்பேன்.

தென்காசியாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கோ அக்கா வீட்டுக்கோ போய்விடலாம். இங்கே கோபித்துக்கொண்டு எங்கே போவது? படகின் முன்னால் போய் உட்காருவேன். அவர் பின்னால் உட்காருவார். நடுவில் ஒரு பாய்மரம். கொஞ்ச நேரத்தில் ஒருவருக்குப் பசிக்கும், அல்லது கயிறு ஏதாவது அவிழும், பேசித்தான் ஆகவேண்டும். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் சாயங்காலம் டீயோடு மேலே உட்கார்ந்து அவர் கப்பல் கதை சொல்லும்போது, இதையெல்லாம் இத்தனை வருஷமாக இந்த மனுஷன் எனக்குச் சொல்லவே இல்லையே என்று தோன்றும். பிரேசில் பக்கம் ஒரு துறைமுகத்தில் ஜுரம் வந்து கிடந்ததை நான் படகில்தான் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

சித்திரை முடிகிற சமயம். ஆளில்லாத ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தோம். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மத்தியானம் நான் பழக்கதோஷத்தில் மேற்கே பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் மழைக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கமாட்டார்கள், மேற்கே மலையைத்தான் பார்ப்பார்கள். இங்கே மலை இல்லை, கடல்மேல் மேகம் கருகருவென்று ஏறி வந்தது. "மழை வருது" என்றேன். "போன்ல ஒண்ணும் காட்டலையே" என்றார். "போனப் பாருங்க, நான் பாத்திரத்த எடுக்கேன்" என்று உள்ளே போனேன்.

மழையைப் பிடிப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மேல்தளத்தின் ஓரத்தில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாய் ஒன்று உண்டு, திருகு மூடி போட்டது. முதல் மழையில் தளத்தின் உப்பு, தூசி எல்லாம் கழுவிப் போகவிட வேண்டும். பிறகு பழைய துண்டைச் சுருட்டி அந்த வாய்க்குப் பின்னால் அணை போட்டு மூடியைத் திறந்தால், தளத்தில் விழுகிற மழையெல்லாம் ஓடி வந்து தொட்டிக்குள் இறங்கும். நல்ல வழிதான். பத்து நிமிஷக் கனமழையில் பாதித் தொட்டி நிரம்பிவிடும்.

அன்றைக்கு மழை கொட்டியது. நான் பின்பக்கம் நின்று, நிழலுக்குக் கட்டிய துணியிலிருந்து ஊற்றுகிற தண்ணீரைக் குக்கர், இட்லிச் சட்டி, வாளி, சருவம் என்று கைக்குக் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் எட்டிப் பார்த்தால், சுருட்டிக் கட்டிய பாயிலிருந்து தண்ணீர் தாரையாக விழுகிறது, அதற்குக் கீழே இவர் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். உடம்பெல்லாம் பளபளவென்று இருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குச் சிரிப்பு வந்தது. அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் டீக்குத் தொட்டித் தண்ணீர் பிடித்தேன். பாத்திரத்தில் ஏதோ வட்டம் வட்டமாக மிதந்தது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய். கூடவே சீயக்காய்.

குற்றாலத்துச் சுற்றுவட்டாரத்து ஆம்பிளை எவனாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான். மேலேயிருந்து தண்ணீர் தாரையாக விழுவதைக் கண்டால் கை தானாக எண்ணெய்ப் பாட்டிலைத் தேடும். சப்பு சப்பென்று தேய்த்துக்கொண்டு கீழே போய் நிற்பான், அவனுக்கு மூளை வேலை செய்யாது. இவர் எத்தனை கப்பல் எஞ்சினைக் கட்டி மேய்த்தவர். அணை போட்டதும் மூடியைத் திறந்ததும் அவரே. அதற்கு மேலே நின்று அரைப் பாட்டில் எண்ணெயைத் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்து, அத்தனையையும் தொட்டிக்குள் அனுப்பிவிட்டார்.

பாத்திரத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். அவர் ஒரு வார்த்தை, தப்பாப் போச்சு என்று சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், சத்தியமாகச் சொல்லுகிறேன். அவர் சொன்னது, "இந்த எண்ணெய ஊர்லயிருந்து நீதான கொண்டு வந்த?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "குத்தாலத்துலயே எண்ணெய் தேச்சுக் குளிக்கப்பிடாதுன்னு போர்டு வச்சிட்டான். நீங்க குடிக்குத தண்ணியில குளிச்சிருக்கிய. நான் ஒரு செம்பு கூட ஊத்துனா உங்களுக்குப் பொறுக்காது. இப்பம் தப்பு எம்மேலயா?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தவில்லை. "சாரல் தொடங்கட்டும், நான் தென்காசிக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன். இந்தப் படகுல எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் முகம் வெளிறிப்போனது. எழுந்து போய் நங்கூரச் சங்கிலியைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் பிடித்து வைத்திருந்த பாத்திரத் தண்ணீரை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்பினோம். காற்றே இல்லை, எஞ்சினைப் போட்டு மெல்ல ஊர்ந்தோம். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். நங்கூரம் போடும்போது நான் சுக்கானைப் பிடிக்கவேண்டும், அவர் முன்னால் சங்கிலியோடு நிற்கவேண்டும், எஞ்சின் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அதற்காகக் கையால் ஜாடை பேசி வைத்திருந்தோம். கையை முன்னால் நீட்டினால் போ, முஷ்டியை மூடினால் நிறுத்து, பின்னால் காட்டினால் பின்னால் வா. எப்போதும் ஜாடையோடு கத்தலும் சேர்ந்துகொள்ளும். அன்றைக்குக் கத்தல் இல்லை. அவர் கை மட்டும் அசைந்தது, நான் செய்தேன். நங்கூரம் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

பக்கத்துப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தாள். தோணியைத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, இவ்வளவு அமைதியாக நங்கூரம் போடுகிற தம்பதியை நான் பார்த்ததே இல்லை, எத்தனை வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து கடலில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம் என்பதை அவளிடம் எந்தப் பாஷையில் சொல்வது? அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச வருஷம்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. அதன் ஓட்டைக்குள் அவர் கை போகவில்லை, என் கைதான் போனது. நான் தரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் தேய்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோப்புத் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தார். "வலது பக்கம் மூலையில கொஞ்சம்" என்றார். "எனக்குத் தெரியும்" என்றேன். அப்படித்தான் பேச்சு மறுபடி தொடங்கியது. மூன்று தடவை கழுவி, கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகும் டீயில் லேசாக எண்ணெய் வாசம் அடித்தது. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். நானும் குடித்தேன்.

ஆனால் திரும்பி வரமாட்டேன் என்று நான் சொன்னது அப்படியே நின்றது. அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் மாற்றிச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் இருந்தேன், அவ்வளவு வீம்பு.

ஆனியில் அங்கே காற்று திசை மாறி மேற்கிலிருந்து அடிக்கும், கடல் நமக்கு ஆகாது. அதே காற்றுதான் இங்கே மலையில் முட்டிக் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு ஊருக்கு வந்தோம். அவர் அங்கே படகைப் பூட்டும்போது கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நான் கீழே நின்று எதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்காசியில் பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல வாசலில் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இந்தத் தடவ எத்தன நாள் லீவு?" அவருக்கு எப்போதும் அதே கேள்விதான், இவர் வேலையை விட்டபிறகும் அதை மாற்றவில்லை. இவர் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். நான்தான் வாசலிலேயே நின்றேன். இவர் சாரல் முடிந்ததும் தனியாகப் போய்விடுவார், பழையபடி நான் இங்கே, அவர் அங்கே. நான் கேட்டதுதானே அது.

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதென்று கேள்விப்பட்டு ஒரு காலையில் போனோம். ஆம்பிளைகள் பக்கம் அவர் போனார், பொம்பிளைகள் பக்கம் நான். மாதக்கணக்காகச் செம்பில் குளித்த உடம்பு. அத்தனை தண்ணீரும் தலையில் விழுந்தபோது மூச்சு முட்டி, அழுகை வந்துவிட்டது. அருவியில் அழுதால் யாருக்குத் தெரியும்? நன்றாக அழுதேன். வெளியே வந்து பார்த்தால் அந்தக் கூட்டத்தில் எல்லா ஆம்பிளையும் ஈரத்துண்டும் தொப்பையுமாக நிற்கிறார்கள், அவரைக் காணோம். கொஞ்ச நேரம்தான். அதற்குள் நான் அந்தக் கூட்டத்தை இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டேன். பஜ்ஜிக் கடையிலிருந்து பொட்டலத்தோடு வந்தார். "எங்க போனிய?" என்று நான் கேட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து நான் ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டு அறைக்குள் போனேன். அவர் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் அவருடைய சூட்கேஸ் திறந்து கிடந்தது. கையில் நாலைந்து சட்டை.

"இதுல எனக்கு ஒரு தட்டு ஒழிச்சுத் தருவியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"சட்ட வைக்க. அந்தப் படகு கட்டி வச்சிருக்க எடத்துல வித்துரச் சொல்லிட்டேன். ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போயிருக்கான்." பிறகு பீரோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ இங்கதான இருப்ப. நானும் இங்கன இருந்துக்கிடுதேன். அடுக்களப் பக்கம் வர மாட்டேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு கிடையாது. அவர் சட்டையைத் துவைத்துத் தேய்த்து நான் சூட்கேஸில்தான் வைப்பேன், சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இருக்கும். போகிற மனுஷனுக்கு அதுதானே வசதி என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

எழுந்து என் சேலைகளை எடுத்து மேல் தட்டில் திணித்தேன். நடுத்தட்டு காலியானது. அவர் சட்டைகளை அடுக்கினார். பாதித் தட்டுகூட நிறையவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"போன் போட்டு விக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.

"ஏன்? உனக்குத்தான் பிடிக்கலையே."

"நான் பிடிக்கலேன்னு சொல்லல. வரமாட்டேன்னு சொன்னேன். நீங்க திருப்பிக் கேப்பியன்னு நெனச்சேன்."

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கேட்டு, நீ திரும்பவும் மாட்டேன்னு சொல்லிட்டா?" என்றார்.

நான் சூட்கேஸிலிருந்த மிச்சத் துணியையும் எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன். பிறகு போனை எடுத்து அவர் கையில் கொடுத்து, பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.